பெட்டியோடு போகாதவை

அந்தச் செயற்கைக்கோள் படம் இந்த வாரமும் சுற்றுக்கு வந்துவிட்டது. ஸ்பெயினின் தென்கிழக்குக் கடற்கரையில், யாரோ சுண்ணாம்பு வாளியைக் கவிழ்த்துவிட்டது போல ஒரு வெள்ளைத் திட்டு. அல்மேரியா. முப்பதாயிரம் ஹெக்டேருக்கும் மேல் காய்கறிப் பசுமைக்குடில்களின் பிளாஸ்டிக் கூரை. கீழே வழக்கமான வாசகம்: "பாலைவனத்தைப் பொன் விளையும் பூமியாக்கிவிட்டார்கள், உலகம் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்." காய்கறி ஏற்றுமதியில் பதினோரு ஆண்டுகள் தரக்கட்டுப்பாடு பார்த்தவன் என்பதால் நான்கு நண்பர்கள் என் பெயரையும் கோத்துவிட்டிருக்கிறார்கள். ஒரு விருப்பக்குறி போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். மனம் வரவில்லை.

மதிக்க வேண்டியதை முதலில் மதித்துவிடுகிறேன். ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம் அது. உப்பேறிய, கல் நிறைந்த தரை. அதன் மேல் வேறிடத்துக் களிமண்ணைக் கொண்டுவந்து பரப்பினார்கள், அதற்கு மேல் தொழு உரம், அதற்கும் மேல் ஒரு சாண் கூட இல்லாத மணல். மணல் ஈரத்தை மூடிப் பிடித்துக்கொள்ளும், உப்பை மேலே ஏறவிடாது. இதைச் செய்தவர்கள் பெருமுதலாளிகள் இல்லை, இரண்டு மூன்று ஹெக்டேர் வைத்திருந்த குடும்பங்கள். கோடையில் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அந்த வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்புவதால், சுற்றுவட்டாரம் சூடேறிக்கொண்டிருந்த காலத்திலும் அந்தப் பகுதியின் வெப்பநிலை இறங்கியதாக ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். இதையெல்லாம் ஏளனம் செய்பவன் நான் இல்லை.

என் தொழிலில் எல்லோரும் சொல்லும் அல்மேரியா கதை ஒன்று உண்டு. 2006 கடைசியில் ஜெர்மனியில், ஸ்பெயினிலிருந்து வந்த குடைமிளகாயில் ஐசோபென்பாஸ்-மெத்தில் என்ற பூச்சிக்கொல்லியின் எச்சம் அகப்பட்டது. அனுமதி இல்லாத மருந்து. வாங்குபவர்கள் முகம் திருப்பினார்கள். அடுத்த இரண்டு மூன்று சாகுபடிக் காலங்களுக்குள் அங்கே பெரும்பாலான குடைமிளகாய்க் குடில்கள் மருந்தடிப்பைக் குறைத்துவிட்டு, பூச்சியைத் தின்னும் பூச்சிக்கு மாறின. இரைபிடிக்கும் சிலந்திப்பேன்கள் அடைத்த சிறு காகிதப் பைகளைச் செடிக்குச் செடி தொங்கவிட்டார்கள். அறிவியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் எடுத்துச் சொல்லியும் நடக்காத மாற்றம், சரக்கு திரும்பி வந்ததும் நடந்துவிட்டது.

சரக்கு திரும்புவது என்றால் என்னவென்று நான் கிட்டத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துக்குப் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஒரு டன் காய்க்குப் பத்து மில்லிகிராம், ஒரு சிட்டிகை உப்பில் சிறு பங்கு. துறைமுகத்தில் கொள்கலனின் கதவைத் திறந்ததும் குளிர்காற்று புகைபோலத் தரையில் வழியும். கையுறை போட்ட ஒருவர் நான்கைந்து பெட்டிகளிலிருந்து மாதிரி எடுத்து, பையில் முடிச்சிட்டு, எண் எழுதிக்கொண்டு போவார். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி ஒலிக்கும். எதிர்முனையில் இருப்பவர் வணக்கம் சொல்லும் விதத்திலேயே முடிவு தெரிந்துவிடும். அப்படி ஒரு முறை அழிக்கக் கொடுத்த சரக்கின் ரசீதில் கையெழுத்திட்டவன் நான். அதற்குப் பிறகு எங்களுக்குக் காய் கொடுத்த ஒரு தோட்டத்தில்கூட மருந்துக் குறிப்பேடு காலியாக இருந்ததில்லை.

ஆகவே, சந்தை திருத்தாது என்று நான் சொல்ல மாட்டேன். காயோடு பெட்டியில் ஏறிப் பயணம் செய்யும் தவற்றை அது நன்றாகவே திருத்துகிறது. என் சண்டை மற்றதைப் பற்றி. வற்றிய கிணறு பெட்டியில் ஏறுவதில்லை. உப்பேறிய மண்ணும் அங்கேயேதான் கிடக்கும். எந்த ஆய்வகத்தில் கொடுத்தாலும் ஒரு வெள்ளரிக்காய் தான் எத்தனை மீட்டர் ஆழத்து நீரைக் குடித்து வளர்ந்தது என்று சொல்லாது. ஒரு பொருளை விளைவிக்கச் செலவான, ஆனால் பொருளில் தெரியாத நீருக்குத் தமிழில் மறைநீர் என்று பெயர். பிரிட்டிஷ் புவியியலாளர் டோனி ஆலன் 1990களில் இந்தக் கருத்தை முன்வைத்தார், 2008இல் ஸ்டாக்ஹோம் நீர் விருதும் பெற்றார். விருது கொடுத்தாயிற்று, விலைப்பட்டியலில் ஒரு வரிகூட மாறவில்லை.

அதே ஸ்பெயினில், அல்மேரியாவுக்கு அடுத்த மாகாணம் முர்சியா. அங்கே மார் மெனோர் என்று 135 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஓர் உப்புநீர்க் காயல். 1979இல் தாகுஸ் ஆற்று நீரைக் கால்வாய் வெட்டி முர்சியாவின் செகுரா ஆற்றுப் படுகைக்குக் கொண்டுவந்த பிறகு, காயலைச் சுற்றியிருந்த மானாவாரி நிலம் ஐரோப்பாவின் கீரைத் தோட்டமாக மாறியது. வயலில் மிஞ்சிய உரம் நைட்ரேட்டாகக் காயலில் இறங்கியது. 2016இல் நீர் பச்சைக் குழம்பானது. அடித்தரைப் புல்வெளியில் பெரும்பகுதி வெளிச்சமின்றிச் செத்தது. 2019 அக்டோபரில், பெருமழை கொண்டுவந்து சேர்த்த வெள்ளத்துக்குச் சில வாரங்கள் கழித்து, ஆக்சிஜன் இல்லாமல் மீன்களும் இறால்களும் கரையோரத்துக்கு நெருக்கியடித்துக்கொண்டு வந்து, முழங்காலளவு நீரில் வாயைப் பிளந்தபடி செத்தன. 2021 ஆகஸ்டில் மறுபடியும்.

அந்த ஆண்டுகளில் முர்சியாவின் கீரைப் பெட்டி ஏதாவது இதற்காக எல்லையில் நிறுத்தப்பட்டதா? கீரையில் குற்றமே இல்லையே. தரச் சான்றிதழில் எல்லாக் கட்டத்திலும் சரி. இறுதியில் அசைந்தது சந்தை இல்லை, ஊர்க்காரர்கள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். 2022இல் அந்தக் காயலுக்குச் சட்டப்படி ஒரு நபருக்குரிய உரிமை கிடைத்தது, ஐரோப்பாவில் முதல்முறையாக. சட்டத்தால் காயல் பிழைத்துவிட்டதா என்றால், இன்னும் இல்லை. வழக்காடவாவது அதற்கு ஒரு பெயர் கிடைத்திருக்கிறது.

"கட்டுப்பாடு வைத்தால் போட்டியில் தோற்றுவிடுவோம், அடுத்த நாட்டுக்காரன் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்வான்" என்பார்கள். இதை வெறும் சாக்கு என்று தள்ள முடியாது. புளூபெர்ரியில் பெரு நாடு 2010 வாக்கில் கணக்கிலேயே இல்லை, பத்தாண்டுகளில் உலகின் முதல் ஏற்றுமதியாளர். இடம் அப்படித்தான் பறிபோகும். ஆனால் எதை வைத்துப் போட்டி போடுகிறோம் என்று கேட்க வேண்டாமா? சவூதி அரேபியா 1980களில் பாலைவனத்தில் கோதுமை விதைத்தது. உலகச் சந்தை விலையைவிடப் பல மடங்கு கொடுத்து அரசே கொள்முதல் செய்தது. 1990களின் தொடக்கத்தில் கோதுமை ஏற்றுமதியில் முன்வரிசை நாடுகளில் ஒன்றாகவும் நின்றது. இறைத்தது ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்து தேங்கிய, மறுபடி நிரம்பாத நீர். 2008இல் கைவிட முடிவெடுத்தார்கள், 2016இல் உள்நாட்டுக் கொள்முதல் நின்றது. நகையை அடகு வைத்து மொய் எழுதியதற்கு ஏற்றுமதிச் சாதனை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நெதர்லாந்தையும் பார்க்கலாம். மதிப்பில் உலகின் மிகப்பெரிய வேளாண் ஏற்றுமதியாளர்களில் ஒன்று. 2019 மே மாதம் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம், மாட்டுச் சாணம் போன்றவற்றிலிருந்து வரும் நைட்ரஜன் மாசு பின்னால் குறையும் என்ற நம்பிக்கையை முன்னால் அடகு வைத்து அனுமதி வழங்கும் முறை செல்லாது என்றது. அக்டோபரில் டிராக்டர்கள் நெடுஞ்சாலைகளை அடைத்தன. அந்த விவசாயிகள் மேல் எனக்குக் கோபமில்லை. முப்பது ஆண்டுகளாக இன்னும் மாடு வாங்கு, இன்னும் கொட்டகை கட்டு என்று கடன் கொடுத்துத் தூண்டிவிட்டு ஒரு காலையில் நிறுத்தச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? இலங்கையில் 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தபோதும் நெல்லும் தேயிலையும்தான் அடி வாங்கின, ஏழு மாதத்துக்குள் தடை வாபஸ். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு விஷயத்தைக் கடைசி நாளுக்குக் கொண்டுவந்தால் எந்தச் சீர்திருத்தமும் தண்டனையாகத்தான் வந்து விழும்.

சொட்டுநீர் போட்டால் தீர்ந்தது என்று நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு செடிக்கு நீர் குறையும், உண்மை. மிச்சமான நீர் கிணற்றிலேயே கிடக்குமா? பக்கத்துத் தரிசையும் திருத்திக் குழாய் போட்டுவிடுவார்கள். மொத்தம் எவ்வளவு இறைக்கலாம் என்று வரம்பு கட்டாத ஊரில் சிக்கனம் என்பது இன்னும் கொஞ்சம் நிலத்துக்கான நீர்தான். வரம்பு கட்டினாலும் அது யாருக்கு முதலில் இறுகுகிறது என்று பார்க்க வேண்டும். பெருவின் இக்கா பள்ளத்தாக்கில் அஸ்பாரகஸ் பண்ணைகள் ஆழத் துளையிட்டு இறைத்தபோது, ஆழம் குறைந்த கிணறு வைத்திருந்த சிறு விவசாயிதான் முதலில் வற்றினான்.

கூலி பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். அந்த வெள்ளைக் கூரைகளின் ஓரத்தில் பிளாஸ்டிக் தாளும் மரப்பலகையும் கொண்டு குடிசை போட்டு வாழும் மொராக்கோ, மேற்கு ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் செயற்கைக்கோள் படத்தில் தெரிய மாட்டார்கள். 2000 பிப்ரவரியில் அல்மேரியாவின் எல் எகிடோ ஊரில் அவர்கள் மேல் கலவரம் பாய்ந்தது.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. தோட்டத்தைத் தணிக்கை செய்யும் படிவத்தில் கழிப்பறை உண்டா, மருந்து அறைக்குப் பூட்டு உண்டா என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறார்கள். நல்ல கேள்விகள். கிணற்றைப் பற்றி நான் நிரப்பிய படிவங்களில் உரிமம் உண்டா, நீர் சுத்தமா என்று மட்டும் இருந்தது. சென்ற ஆண்டு எத்தனை அடியில் நீர் நின்றது, இந்த ஆண்டு எத்தனை அடி என்று இரண்டே எண் சேருங்கள். வாங்குபவரின் மேசைக்கு அந்த இரண்டு எண்ணும் போகட்டும்.

ஒரு முறை நானாகவே குறிப்புக் கட்டத்தில் எழுதினேன். விவசாயி கயிற்றில் கல் கட்டி இறக்கினார், நான் ஈரம் பட்ட இடத்திலிருந்து முழம் போட்டு எண்ணினேன். முந்தைய ஆண்டு அவர் சுவரில் கரியால் கிழித்து வைத்திருந்த கணக்கைவிட பதினோரு முழம் கூடுதல். படிவம் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. அந்த வரியின் மேல் சிவப்புக் கோடு, ஓரத்தில், "இந்தத் தகவல் கேட்கப்படவில்லை."