'ஹைட்' என்றால் ஒளிவது மட்டுமா?

மார்த்தாண்டத்தில் மாலை வேளைகளில் ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு, 'ஹைட்' என்ற வினைச்சொல் கொடுத்த தொல்லையை வேறெந்தச் சொல்லும் கொடுத்ததில்லை. உயரத்தைக் குறிக்கும் சொல்லையும் நாம் அப்படியே எழுதுகிறோம் என்பது ஒருபுறமிருக்க, துணைநூல்கள் 'ஒளிந்துகொள்' என்ற ஒரே பொருளோடு நின்றுவிடுகின்றன. பாடத்தில் மாட்டின் 'ஹைட்' என்று வந்தபோது, மாடு எங்கே ஒளிந்தது என்று ஒரு மாணவன் கேட்டான். அது நியாயமான கேள்வி.

மறைத்தலைக் குறிக்கும் வினையும் தோலைக் குறிக்கும் பெயரும் பழைய ஆங்கிலத்திலேயே ஒலியால் நெருங்கி நின்றவை. 'மூடு' என்னும் பொருளுடைய தொன்மையான இந்தோ ஐரோப்பிய வேர் ஒன்றோடு இரண்டையும் சொற்பிறப்பியலார் இணைக்கின்றனர்; தோலைக் குறிக்கும் ஜெர்மன் 'ஹௌட்', இலத்தீன் 'கூட்டிஸ்' ஆகியவையும் அதே உறவுக்குள் வருகின்றன. உடலை மூடியிருப்பது தோல் என்று சொல்லிவிட்டால் மாட்டின் சிக்கல் தீர்ந்துவிடும். கடுமையாக அடிப்பதை 'ஹைடிங்' என்பதும் தோலிலிருந்து வந்ததுதான். 'தோலை உரித்துவிடுவேன்' என்ற மிரட்டலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கெடுத்த 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே ஏட்டில் காணும் நில அளவான 'ஹைட்' மட்டும் வேறு சொற்குடும்பத்தது: ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான, பொதுவாக 120 ஏக்கராகக் கணக்கிடப்பட்ட நிலத்தைக் குறித்த அச்சொல், வீட்டாரைக் குறிக்கும் சொல்லிலிருந்து கிளைத்தது.

ஆகவே 'ஹைட்' என்ற வினைக்கு 'மறை' என்பதையே முதற்பொருளாகக் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. 'ஒளி' என்பதில் ஆள் பதுங்குவதுதான் முன்னால் நிற்கிறது. 'மறை' என்பதிலோ மூடுதல் இருக்கிறது. ஆயினும் 'மறை', 'ஹைட்' ஆகிய இரு சொற்களும் முற்றிலும் ஒத்துப்போகும் என்று நான் சொல்லமாட்டேன். வேதத்தையும் மறை என்கிறோம். கோட்டாறு மறைமாவட்டம் என்று நாள்தோறும் சொல்கிறோம். அங்கெல்லாம் 'ஹைட்' நுழையவே முடியாது.

இதைவிடக் கூர்மையான சான்று நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே இருக்கிறது. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக எழுந்த போராட்டத்தைத் தமிழில் தோள்சீலைக் கலகம் என்கிறோம். மலையாளத்தில் அதன் பெயர் 'மாறுமறய்க்கல் சமரம்', அதாவது மார்பை மறைப்பதற்கான போராட்டம். 1859 ஜூலையில் அரச அறிவிப்பு ஒன்று அந்த உரிமையை, அப்போதும் சில கட்டுப்பாடுகளோடு, வழங்கியது. அந்த 'மறய்க்கல்' என்ற சொல்லை ஒரு மாணவி 'ஹைட்' என்று மொழிபெயர்த்தபோது நான் அதை அடித்துவிட்டுக் 'கவர்' என்று திருத்தினேன், ஏனெனில் அந்தப் பெண்கள் எதையும் ஒளிக்கப் போராடவில்லை.