வாழ்க்கைத் தொடர்களில் காணாமல் போகிறவர்கள்

நான் நாடகத் தொடர்களுக்கு எதிரி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சன் டிவியில் 'மெட்டி ஒலி' ஓடிய காலத்தில், ஐந்து பெண்களைப் பெற்ற அந்தச் சிதம்பரத்துக்காகக் கண் கலங்கிய வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அவர் கற்பனை மனிதர். எழுதுகிறவர் தன் விருப்பப்படி அவரை அழவைக்கலாம், அவமானப்படுத்தலாம். எங்கள் அப்பா அப்படிப் பேசவே இல்லையே என்று எந்தக் குடும்பமும் வந்து நிற்கப் போவதில்லை. உண்மையில் வாழ்ந்த ஒருவரை எடுத்துக்கொள்ளும்போதும் அதே சுதந்திரத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இப்போது ஓடிடியில் அந்த வகை வாழ்க்கைத் தொடர்கள்தான் வரிசைகட்டி வருகின்றன.

இங்கிலாந்து அரச குடும்பத்தைப் பற்றி நெட்ஃபிளிக்ஸில் 2016 முதல் 2023 வரை வந்த 'தி கிரௌன்' தொடரை எடுத்துக்கொள்வோம். நடிப்பு, இசை, செலவு எதிலும் குறை சொல்ல முடியாது. 2022இல் வந்த ஐந்தாவது பருவத்தில், சார்லஸ் தன் அம்மா பதவி விலகுவது பற்றிப் பிரதமர் ஜான் மேஜரிடம் சூசகமாகப் பேசுவதுபோல ஒரு காட்சி. அப்படி ஒரு பேச்சு நடக்கவே இல்லை என்று மேஜர் தரப்பு கடுமையாக மறுத்தது. நடிகை ஜூடி டென்ச், இது கற்பனை என்று ஒவ்வொரு பகுதியிலும் போடுங்கள் என்று பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார். அதன் பிறகுதான் முன்னோட்டத்துக்கு அடியில் 'கற்பனை கலந்த நாடகமாக்கம்' என்ற பொருளில் ஒரு வரி வந்தது. அந்த வரியை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? காட்சியை எல்லாரும் பார்த்தார்கள்.

சரி, அங்கே மறுத்துப் பேச ஒரு முன்னாள் பிரதமர் இருந்தார். அவர் சொன்னதைப் போடப் பத்திரிகைகள் இருந்தன. பென்னாகரம் பக்கத்தில் ஒரு மலையோரக் கிராமத்தில் இருப்பவரைப் பற்றித் தப்பாகக் காட்டினால் அவர் எந்தப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார்?

எங்கள் தருமபுரி மாவட்டத்துக்கு இது தூரத்து விவகாரம் இல்லை. வீரப்பன் கதையை முதலில் தொடராக 2007இல் மக்கள் தொலைக்காட்சி 'சந்தனக்காடு' என்று ஒளிபரப்பியது. இயக்கியவர் வ. கௌதமன். அப்புறம் 2023 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் நான்கு பகுதி ஆவணத் தொடர் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜீ5இல் 'கூச முனிசாமி வீரப்பன்'. அந்த இரண்டும் வந்த பிறகு, வெளியூரில் தருமபுரி என்று சொன்னாலே பேச்சு அங்கேதான் போகிறது. என் அக்கா மகன் ஒரு நாள், "மாமா, அவர் நல்லவரா கெட்டவரா?" என்று கேட்டான். அவன் வயதில் கேட்கத்தான் செய்வான். ஆனால் அந்தத் தொடர்கள் பேசும் வருடங்களில் இந்த மலைகளில் நடந்ததெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஆவணத் தொடரையும் நாடகத் தொடரையும் நான் ஒன்றாக வைத்துப் பேசவில்லை. 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே வீரப்பனும் கூட்டாளிகள் மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கண் சிகிச்சைக்கென்று ஆம்புலன்சில் வந்தபோது நடந்த மோதல் என்பது அதிரடிப்படை சொல்வது. மோதலே நடக்கவில்லை, முன்பே பிடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. ஆவணத் தொடர் நினைத்தால் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவிடலாம், முடிவைப் பார்ப்பவரிடம் விடலாம். நாடகத்தால் அது சுலபத்தில் முடியாது. ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும், யாராவது முதலில் சுட வேண்டும். நமக்குத் தெரியாத இடத்தையெல்லாம் தெரிந்ததுபோலவே படமாக்கியாக வேண்டும். அப்படி எடுத்த பிறகு அதுவே நடந்ததாகிவிடுகிறது. இன்னும் இருபது வருடம் கழித்துப் பிறக்கும் பிள்ளைக்கு அந்த இரவு என்றால் அந்தக் காட்சிதான்.

இதைவிடப் பெரிய தொந்தரவு, வாழ்க்கைத் தொடருக்கு ஒரே ஒரு முகம்தான் தேவைப்படுகிறது என்பது. சின்ன வயது, எழுச்சி, உச்சம், வீழ்ச்சி என்று பகுதி பகுதியாக அவர் கூடவே கேமரா போகிறது. யாரோடு அதிக நேரம் இருக்கிறோமோ அவர் பக்கம் மனசு சாய்வது இயல்பு. இயக்குநருக்கு அந்த எண்ணம் இல்லாவிட்டாலும் அது நடக்கும். மற்றவர்கள் எல்லாம் அவர் வழியில் வந்து போகிறவர்கள். 1993 ஏப்ரலில் பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். காவலர்களும், வனத்துறை ஆட்களும், தகவல் சொல்லக் கூட்டிப்போன ஊர்க்காரர்களும். திரையில் அது ஒரு வெடிச்சத்தம், புகை, அதற்குப் பின் நாயகனின் முகம். அந்த 22 பேரில் ஒருவர் பெயராவது தொடரைப் பார்த்த யாருக்காவது நினைவிருக்குமா?

தேடுதல் வேட்டை என்ற பெயரில் இரண்டு மாநில அதிரடிப்படையும் பிடித்துப்போய் அடித்த மலைக்கிராமத்து மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்க நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணைக் குழுவே அமைந்தது. நாடகம் எடுப்பவருக்கு இவர்கள் ஒரு 'சித்திரவதைக் காட்சி'. அதுவும் நாயகன் ஏன் கோபப்பட்டார் என்பதற்குக் காரணம் காட்ட மட்டும்.

அரூர் பக்கத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துபோக, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 செப்டம்பர் 29இல். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல், அதே செப்டம்பர் 29. முப்பத்தோரு வருடம் ஒரு ஊர் விடாமல் நின்றிருக்கிறது! இதில் எந்த முகத்தை நடுவில் வைப்பீர்கள்? ஒற்றை நாயகன் இல்லாத கதை இது. அந்தப் பெண்களின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது சட்டமும்கூட. ஆகவே ஒரு வாழ்க்கைத் தொடர்காரர் இதைத் தொட்டால் என்ன செய்வார் என்று எனக்குப் பயமாகவே இருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் ஒரு வக்கீலையோ ஒரு நேர்மையான அதிகாரியையோ கற்பனையாகச் சேர்த்து அவரை நாயகனாக்கிவிடுவார். ஊர் மறுபடியும் ஓரத்துக்குப் போய்விடும்.

இல்லாத ஆளைச் சேர்ப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 'ராக்கெட் பாய்ஸ்' (2022) சாட்சி. அணு விஞ்ஞானி ஹோமி பாபா, விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாய் எல்லாம் சொந்தப் பெயரில் வருகிறார்கள். பாபாவுக்கு எதிராளி வேண்டும் என்பதற்காக ரஸா மெஹ்தி என்று ஒரு விஞ்ஞானியைப் படைத்தார்கள். பார்த்தவர்கள் பலருக்கு மேகநாத் சாகாதான் நினைவுக்கு வந்தார். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சாதி இழிவுகளைத் தாண்டி உலகம் மதிக்கும் இயற்பியலாளராகி, மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மனிதர் அவர். இது கற்பனைப் பாத்திரம் என்று சொல்லி எடுத்தவர்கள் நகர்ந்துகொள்ளலாம். சாகா யார் என்றே தெரியாமல் பார்க்கும் பிள்ளைக்கு என்ன தங்கும்?

பெயரை மட்டும் மாற்றிவிடும் வழி இன்னொன்று. 2019இல் வந்த 'குயின்' தொடரில் சக்தி சேஷாத்ரி என்று பெயர், பார்க்கிற அத்தனை பேருக்கும் அது ஜெயலலிதா என்று தெரியும். உண்மைக் கதையின் ஈர்ப்பு முழுவதும் கிடைக்கிறது, யாராவது தப்பு என்றால் இது அவர் கதை இல்லை என்று சொல்லவும் வழி இருக்கிறது. ரம்யா கிருஷ்ணன் அருமையாக நடித்திருந்தார், அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் இதை நேர்மையான வழி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எங்கள் பக்கம் விடிய விடிய பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். திரை பிடித்து வேஷக்காரர் உள்ளே வரும்போதே தான் இன்னார் என்று சொல்லிக்கொண்டுதான் வருவார். கட்டியங்காரன் நடுவில் புகுந்து ராஜாவையே கேள்வி கேட்பான், கதையை நிறுத்துவான், நம்மைப் பார்த்துப் பேசுவான். இது கூத்து என்பது ஒரு நிமிடம்கூட மறக்காது, ஆனாலும் துரியோதனன் படுகளத்துக்கு அழுகை வரும். மறைத்து நம்பவைத்தால்தான் மனதைத் தொட முடியும் என்பது பொய்.

வாழ்க்கைத் தொடரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழு வாழ்க்கையையும் எடுக்காதீர்கள், ஒரு துண்டை எடுங்கள் என்கிறேன். அதே பாப்பாரப்பட்டியில்தான் 1925இல் சுப்பிரமணிய சிவா இறந்தார். சிறையில் தொற்றிய தொழுநோய், அதனால் ரயிலில் ஏறத் தடை, ஊர் ஊராக நடந்தே போன கால்கள், பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்ற பிடிவாதம், 1923இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டியது. அந்தக் கடைசி இரண்டு வருடம் மட்டும் போதும். நோயாளியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது யார், சோறு போட்டது யார், முகம் சுளித்தது யார் என்று ஊரையும் சேர்த்து எடுக்கலாம். மேடை முழக்கம் குறைவாகவும் மனிதர்கள் நிறையவும் இருக்கும். எது பதிவில் உள்ளது, எது நீங்கள் சேர்த்தது என்பதை ஒவ்வொரு பகுதி முடிவிலும் படிக்கிற அளவு எழுத்தில் அரை நிமிடம் போடுங்கள்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். இங்கே வந்து எங்கள் மலையையும் ஊரையும் எங்கள் ஆட்களின் முகத்தையும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள், ஓடிடியில் ஏற்றுவதற்கு முன் அந்த ஊரில் ஒரு திரை கட்டிப் போட்டுக் காட்டுங்கள். பென்னாகரத்திலோ அரூரிலோ ஒரு கல்யாண மண்டபம் கிடைக்காதா? பார்த்துவிட்டு ஒரு கிழவி எழுந்து, இது இப்படி நடக்கலைப்பா என்று சொன்னால், வெளியிடும் தேதியைத் தள்ளிவைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள்.