மூன்றாவது மாடிக்கு மட்டும் மருந்து வேண்டாம்

(பெங்களூரு, அல்சூரை ஒட்டிய மர்பி டவுனில் ஒரு மூன்று மாடி வீடு. ஓனர் மொத்தக் கட்டடத்துக்கும் பூச்சி மருந்து அடிக்க ஏற்பாடு செய்திருக்கிறார். வந்திருப்பவர் பாஸ்கர். ஐம்பதைத் தாண்டியவர், தினமும் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி வந்துபோகும் தங்கவயல்காரர். முதுகில் மருந்து டேங்க். மூன்றாவது மாடிக் கதவைப் பாதி திறந்து, மீதிப் பாதியைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு நிற்கிறாள் கலா.)

பாஸ்கர்: பெஸ்ட் கண்ட்ரோல் மேடம். சமையலறை, பாத்ரூம், கட்டிலுக்கு அடியில். இருபதே நிமிஷம்.

கலா: வேண்டாம் அண்ணா. எங்கள் வீட்டில் பூச்சித் தொல்லையே கிடையாது.

(உள்ளேயிருந்து கிர்ர்... கிர்ர்... கிர்ர்...)

பாஸ்கர்: அது என்ன சத்தம்?

கலா: மிக்சி.

பாஸ்கர்: மிக்சி மூச்சு வாங்கி வாங்கியா ஓடும்?

கலா: பழைய மிக்சி அண்ணா.

பாஸ்கர்: மேடம், இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை. சுவர்க்கோழி சத்தம் எனக்குத் தெரியாதா? இரண்டாவது மாடிக்காரர் ராத்திரி தூக்கமில்லை என்று ஏன் புகார் கொடுத்தார் என்று இப்போதுதான் புரிகிறது. உண்மையைச் சொல்லுங்கள்.

கலா: (குரலைத் தாழ்த்தி) ஆயிரம்.

பாஸ்கர்: சேச்சே, பணமெல்லாம் வேண்டாம் மேடம். பில் ஓனருக்குப் போகிறது.

கலா: பணம் இல்லை அண்ணா. பூச்சி. பெரியது மட்டும் ஆயிரம். குஞ்சுகளை யார் உட்கார்ந்து எண்ணுவது?

(பாஸ்கர் டேங்கை இறக்கிக் கீழே வைக்கிறார். உடனே தூக்கிக்கொள்கிறார். மறுபடி வைக்கிறார்.)

பாஸ்கர்: இவ்வளவு முற்றும்வரை ஏம்மா விட்டீர்கள்? பயப்படாதீர்கள். ஆபீசுக்குப் போன் போட்டு இன்னும் இரண்டு ஆளை வரவழைக்கிறேன்.

கலா: ஐயோ, தொல்லை இல்லை அண்ணா, தொழில்! வளர்த்து விற்கிறேன்.

பாஸ்கர்: யாருக்கு?

கலா: அரோவானா மீன் வைத்திருப்பவர்களுக்கு, பறவை வளர்ப்பவர்களுக்கு. ஓணான் மாதிரி ஒன்று இருக்கிறதே, பியர்டட் டிராகன், அது வைத்திருப்பவர்களுக்கு. உயிரோடு இருந்தால் எல்லாம் ஆசையாகச் சாப்பிடும்.

பாஸ்கர்: காசு கொடுத்தா வாங்குகிறார்கள்?

கலா: பெரியது ஒன்று மூன்று ரூபாய்.

பாஸ்கர்: (நெஞ்சில் கை வைத்து) மூன்று ரூபாய்! இத்தனை வருஷத்தில் எத்தனை லட்சத்தைக் கூட்டிப் பெருக்கிக் குப்பையில் கொட்டியிருப்பேன்!

கலா: உள்ளே வந்து பாருங்கள். ஆனால் டேங்க் வெளியிலேயே இருக்கட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சட்டையை எதன் மேலும் உரசாதீர்கள், மருந்து ஒட்டியிருக்கும்.

பாஸ்கர்: பூச்சியைப் பார்க்கக் கை கழுவுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். ஆபீசில் சொன்னால் சிரிப்பார்கள்.

(உள் அறை. இரும்பு அலமாரியில் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் தொட்டிகள். உள்ளே அட்டை அட்டையாக முட்டை டிரே. வெளியே குளிர், உள்ளே வேர்க்கிறது.)

பாஸ்கர்: அப்பப்பா, என்ன புழுக்கம்!

கலா: இதற்கு 30 டிகிரி வேண்டும் அண்ணா. பெங்களூரில் டிசம்பர் ராத்திரி 15, 16-க்கு இறங்கிவிடுகிறது. அப்படியே விட்டால் சாகாது, ஆனால் வளராமல் உட்கார்ந்திருக்கும். பாட்டுகூட மெதுவாகிவிடும். சூடு இருந்தால்தான் முட்டை பத்து நாள், பதினைந்து நாளில் பொரியும். இரண்டு மாதத்துக்குள் விற்கிற அளவுக்கு வந்துவிடும்.

பாஸ்கர்: என் பேரனுக்கே வீட்டில் ஹீட்டர் கிடையாது. சரி, தண்ணீர்?

கலா: கிண்ணத்தில் வைத்தால் விழுந்து செத்துவிடும். ஈர ஸ்பாஞ்சுதான். சாப்பாடு கோழித் தீவனம், கேரட். சத்துக் குறைந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

பாஸ்கர்: எங்கள் ஆபீசிலும் சம்பளம் லேட்டானால் அப்படித்தான். இந்தச் சத்தம் எல்லாமே பாடுகிறதா?

கலா: ஆண் மட்டும்தான். இறக்கையை இறக்கையோடு தேய்க்கும். கேட்கிற காது முன்னங்காலில் இருக்கிறது, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே.

பாஸ்கர்: எங்கள் மேனேஜருக்கும் அங்கேதான் இருக்க வேண்டும். காலில் விழுந்து சொன்னால்தான் கேட்கிறது.

கலா: போன மாதம் ஒரு தொட்டி முழுக்கப் போய்விட்டது அண்ணா. பச்சையாக ஏதாவது கொடுப்போமே என்று ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிப் போட்டேன். காலையில் பார்த்தால் அத்தனையும் மல்லாந்து கிடக்கிறது.

பாஸ்கர்: கொத்தமல்லிக்கா? எந்தக் கடை?

கலா: ஏன், போய்ச் சண்டை போடப் போகிறீர்களா?

பாஸ்கர்: இல்லை, ஐந்து கட்டு வாங்கப் போகிறேன். கம்பெனி கொடுக்கிற மருந்துக்குக் கரப்பான் மீசையை ஆட்டிவிட்டுப் போகிறது. (பெருமூச்சு) நீங்களே சொல்லுங்கள் தங்கச்சி. சாகடிக்க என்று நான் போகிற வீட்டில் ஒன்றும் சாகமாட்டேன் என்கிறது. சமையலறையில் இருக்கிற சின்னக் கரப்பான் ஒரு பொட்டலத்தில் 30, 40 முட்டை வைத்துக்கொண்டு, பொரிகிற நேரம் வரை அதை வயிற்றோடு சுமக்கும். ஸ்ப்ரே முட்டைக்குள் போகாது. அதனால்தான் ஜெல் வைக்கிறோம். ஒன்று தின்று செத்தால், அதைத் தின்கிற இன்னொன்றும் சாகும்.

கலா: எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறீர்கள்! நீங்கள் வளர்த்திருந்தால் கோடீஸ்வரர்.

பாஸ்கர்: அப்பா தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கினார். 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நான் கிச்சன் மேடைக்கு அடியில் இறங்கினேன். பூச்சியில் பணம் இருக்கிறது என்று அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

கலா: ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டுதானே அண்ணா இருக்கிறது? ராமநகரத்தில் தினமும் பட்டுக்கூடு ஏலம் போகிறது, ஆசியாவிலேயே பெரிய சந்தை என்கிறார்கள். அதுவும் புழுதானே? ஹெப்பாளில் மத்திய அரசே பூச்சிகளுக்கு என்று ஒரு ஆராய்ச்சி நிலையம் வைத்து வளர்க்கிறது. 2008-ல் கோயம்புத்தூர் பக்கம் பப்பாளியில் மாவுப்பூச்சி வந்து தோட்டம் தோட்டமாக அழிந்தது தெரியுமா? மருந்துக்கு மசியவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டிக் குளவியை வரவழைத்து, இங்கே பெருக்கி விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டை வைத்தே ஒழித்துவிட்டது.

பாஸ்கர்: பூச்சியை ஒழிக்கப் பூச்சியா? அதுவும் விமானத்தில்?

கலா: ஆமாம்.

பாஸ்கர்: அதே வேலைதான் நானும் செய்கிறேன். எனக்கு ரயில் பாஸுக்கே ஆபீசில் மூன்று கையெழுத்து வேண்டும்.

(இந்த இடத்தில் பாஸ்கரின் வருத்தம் நியாயமானதுதான் என்பது என் கட்சி. அவர் அடுத்த தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிறார். விரல் நீளத்துக்குப் பழுப்புப் புழுக்கள்.)

பாஸ்கர்: இது?

கலா: சூப்பர்வார்ம். இதுதான் என் உயிரை வாங்குகிறது. கூட்டமாக இருக்கிறவரை மாதக்கணக்கில் புழுவாகவே இருக்கும், வண்டாக மாறவே மாறாது. வண்டானால்தான் முட்டை. அதனால் ஒவ்வொன்றையும் பிடித்துத் தனித்தனி டப்பாவில் போட வேண்டும். தனியாகப் போட்டால் ஒரு வாரம், பத்து நாளில் சுருண்டு கூட்டுப்புழுவாகிவிடும்.

பாஸ்கர்: கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறவரை பொறுப்பு வராது, தனிக் குடித்தனம் வைத்தால்தான் வருமா?

கலா: அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்கர்: என் வீட்டில் ஒன்று இருக்கிறது, 28 வயது. நல்ல சைஸ் டப்பா ஒன்று கொடுங்கள்.

கலா: உட்காராதீர்கள் அண்ணா! ஸ்டாண்டு காலைச் சுற்றித் தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறது.

பாஸ்கர்: எதற்கு?

கலா: எறும்பு. ஒரு ராத்திரி ஏறினால் குஞ்சு மொத்தமும் காலி. எறும்புக்கு மருந்து போடவும் வழியில்லை, இவையும் சேர்ந்து போய்விடும். அதோ, டியூப்லைட்டுக்குப் பின்னால் அந்தப் பல்லியைப் பாருங்கள். மூன்று மாதமாகத் தினமும் சாப்பிடுகிறது. காசு கொடுக்காத கஸ்டமர்.

பாஸ்கர்: விரட்டிவிட வேண்டியதுதானே?

கலா: தப்பி ஓடுவதைப் பிடிக்கிற ஒரே ஸ்டாஃப் அண்ணா அது.

பாஸ்கர்: ஓனருக்கு இதெல்லாம் தெரியுமா?

கலா: நாய், பூனை வளர்க்கக் கூடாது என்று அக்ரிமெண்டில் இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸை எண்ணும்போது இரண்டு தடவை படித்துக் காட்டினார். ஆறு கால் உள்ளதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பாஸ்கர்: அசைவம்?

கலா: சமைக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. நான் எங்கே சமைக்கிறேன்?

பாஸ்கர்: வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவர். அந்தக் கண்ணாடி டப்பாவில் என்ன? என்னையே பார்க்கிறது.

கலா: சிலந்தி. பால்கனித் தொட்டியில் இருந்தது, தாவிப் பிடிக்கிற வகை. வலை கட்டிக் காத்திருக்காது. எட்டுக் கண்.

பாஸ்கர்: (ஒரு அடி பின்வாங்கி) எட்டிலுமா என்னைப் பார்க்கிறது? இது என்ன விலை?

கலா: சிலந்தி விற்பதில்லை அண்ணா. ஒன்றாக வைத்தால் ஒன்றையொன்று தின்னும், ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா, தனிச் சாப்பாடு. கட்டுப்படியாகாது. அதோடு போன் பண்ணுகிறவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றே ஒன்று. நீலச் சிலந்தி.

பாஸ்கர்: நீலத்தில் சிலந்தியா?

கலா: மயில் கழுத்து நீலம். நம் பக்கத்து ஆந்திராவில்தான் இருக்கிறது, உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. குத்தி ஜங்ஷன் தெரியுமா, குண்டக்கல் போகிற வழியில்?

பாஸ்கர்: தெரியாமல் என்ன?

கலா: அங்கே ரயில்வே மரக்கட்டை அடுக்கி வைத்திருந்த இடத்தில் கிடைத்த ஒன்றை வைத்துத்தான் 1899-ல் ஒரு வெள்ளைக்காரர் பெயர் வைத்தார். அப்புறம் நூறு வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. 2001-ல் நந்தியால் பக்கத்துக் காட்டில் மறுபடி பார்த்தார்கள். பார்த்ததும் ஆரம்பித்தது பாருங்கள், வெளிநாட்டுக்குக் கடத்தல்! அந்தக் காடோ துண்டு துண்டாகக் கிடக்கிறது, மரத்தை வேறு வெட்டுகிறார்கள். 2019-ல் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். போன் பண்ணுகிறவர்களிடம் ‘ராங் நம்பர்’ என்று சொல்லி வைத்துவிடுவேன்.

பாஸ்கர்: ரயில்வே யார்டில் நீலச் சிலந்தி! நான் இத்தனை வருஷம் ரயிலில் போகிறேன், என் டிபன் பாக்ஸில் வெறும் கரப்பான்தான் ஏறுகிறது. (சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுக்கிறார்.) சரி தங்கச்சி, அடிக்கவில்லை. ஆனால் சர்வீஸ் கார்டை நிரப்பியாக வேண்டும். ‘பூச்சி தென்பட்டதா?’

கலா: இல்லை.

பாஸ்கர்: இருபது வருஷ மனசாட்சி. ‘ஆம்’ என்று எழுதுகிறேன். ‘எந்த இடத்தில்?’

கலா: அலமாரியில்.

பாஸ்கர்: ‘சர்வீசுக்குப் பின் பூச்சியின் நிலை?’

கலா: நலம்.

பாஸ்கர்: அந்தக் கட்டத்தில் அந்த வார்த்தையை யாரும் எழுதியதில்லை. ‘கட்டுப்பாட்டில் உள்ளது’ என்று போடுகிறேன். தொட்டிக்குள்தானே இருக்கிறது?

(கலாவின் போன் அடிக்கிறது.)

கலா: சொல்லுங்கள் சார்... என்ன, மூடி திறந்து கிடந்ததா?... எத்தனை?... ஐம்பதும் போய்விட்டதா!... ஃபிரிட்ஜுக்குப் பின்னால்தான் சார் இருக்கும், அங்கேதான் சூடு... மூன்று ராத்திரியாகத் தூங்கவில்லையா?... ஐயோ, மருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள்! மருந்து பட்ட பூச்சியை உங்கள் டிராகன் தின்றால் அதுவும் போய்விடும்... ஒரு நிமிஷம் சார். (போனைக் கையால் மூடி) அண்ணா, ஒயிட்ஃபீல்டில் ஒரு வீடு. மருந்தில்லாமல் பிடிக்க முடியுமா?

பாஸ்கர்: ஒயிட்ஃபீல்டா? நான் போகிற ரயில் பாதைதான். ஒட்டு அட்டை வைத்தால் போதும்.

கலா: ஒட்டு அட்டை வேண்டாம், செத்துவிடும். உயரமான கண்ணாடி பாட்டிலில் ஒரு துண்டு கேரட் போட்டு, ஏறுவதற்கு வெளிப்பக்கம் ஒரு துணி சுற்றி வையுங்கள். ராத்திரியில் உள்ளே விழும், கண்ணாடியில் ஏறி வர முடியாது. காலையில் உயிரோடு என்னிடம் கொண்டுவாருங்கள்.

பாஸ்கர்: அப்புறம்?

கலா: அந்த டிராகன் பட்டினி கிடக்குமே? அவருக்கே மறுபடி விற்பேன்.

பாஸ்கர்: (மெதுவாக உட்கார்கிறார், தண்ணீர்க் கிண்ணத்தை மறந்து) அதாவது, நீங்கள் விற்கிறீர்கள். அவர் தப்பவிடுகிறார். நான் பிடிக்கக் கூலி வாங்குகிறேன். பிடித்ததை உங்களிடம் விற்கிறேன். நீங்கள் அவருக்கே விற்கிறீர்கள்.

கலா: ஆமாம்.

பாஸ்கர்: இருபது வருஷமாக நான் எந்தத் தொழிலில் இருந்தேன்! சரி, ஒன்றுக்கு என்ன தருவீர்கள்?

கலா: ஒன்றரை ரூபாய். செகண்ட் ஹேண்ட்தானே?

பாஸ்கர்: மூன்று நாள் அடுக்குமாடி ஃப்ளாட்டில் ஃபிரிட்ஜ் சூட்டில் இருந்த பூச்சி தங்கச்சி. இரண்டு.

கலா: முழுசாக இருந்தால் இரண்டு. பிடிக்கும்போது கால் உடைந்திருந்தால் ஒரு ரூபாய்.

பாஸ்கர்: அநியாயம். ஆறு காலில் ஒன்று போனால் ஆறில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு பைசா விடமாட்டேன்.

கலா: பின்னங்கால் என்றால் கூடக் குறைப்பேன். அதில்தான் சதை.

பாஸ்கர்: மீசை போனால்?

கலா: மீசைக்கு ஏது அண்ணா விலை?

பாஸ்கர்: அப்படிச் சொல்லாதீர்கள். எழுதிக்கொள்கிறேன். (சர்வீஸ் கார்டின் பின்பக்கத்தைத் திருப்புகிறார்.) முன்னங்கால்... அதில்தானே காது? காது போனால் தனி ரேட்டா?