"கொத்தனார் கொள்ளை" என்ற அந்தச் சொல்லைப் பற்றி

கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். தாத்தா காலத்து ரெட் ஆக்சைடு தரையின் (சிமெண்டில் சிவப்புப் பொடி கலந்து இழைத்த தரை) மேல் மரக்கோடு அச்சடித்த வினைல் என்ற பிளாஸ்டிக் தாளை அந்தத் தம்பதி ஒட்டியது அவர்கள் வீடு, அவர்கள் விருப்பம். ஆனால் ஒட்டி முடித்துவிட்டு, "கொத்தனார் கொள்ளையிலிருந்து தப்பித்தோம்" என்று சிரித்தார்களே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சொந்தக் கையால் வேலை செய்வதை நான் குறை சொல்லவில்லை. போன வருடம் டிரில்லிங் மெஷின் வாங்கி, அலமாரி மாட்டப் போய், சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாயைத் துளைத்துவிட்டு, இரவு 9 மணிக்குப் பிளம்பரைக் கெஞ்சி அழைத்தவன் நான். அவர் வாங்கிய 500 ரூபாயைக் கொள்ளை என்று நான் எங்கும் சொல்லவில்லை.

என் அப்பா கொத்தனார். ரெட் ஆக்சைடு தரையைப் பாதியில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் ஒட்டுத் தெரியும் என்பதால், மதியச் சோற்றையும் தள்ளிவைத்து, குந்தியபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து, கரணையால் இழைத்துப் பளபளப்பை வரவழைப்பார். பிறகு நாள்கணக்கில் தண்ணீர் கட்டி, காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தடவித் துடைப்பார். சிமெண்டு தின்ற அந்த விரல்கள் இன்று ரேஷன் கடையின் கைரேகைக் கருவியில் பதிவதில்லை. ஒவ்வொரு மாதமும் "நல்லா துடைச்சிட்டு வைங்க பெரியவரே" என்கிறார்கள். இவர்தான் கொள்ளைக்காரர்.

"ரசனை மாறும், உனக்கென்ன?" என்று கேட்பீர்கள். மாறட்டும். மொசைக் வந்தபோது தாம் போட்ட சிவப்புத் தரையைத் தாமே உடைத்தவர் அப்பா. டைல்ஸ் வந்தபோது அந்த மொசைக்கையும் உடைத்தார். ஆனால் புதுச்சேரி வைசியாள் வீதியின் பழைய வீடுகளைச் சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்ததே, அங்கே திண்ணையிலும் சிவப்புத் தரையிலும் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறவர்கள், ஊர் திரும்பியதும் தங்கள் வீட்டுத் தரையைத் தாளால் மூடுவது எந்த ரசனை என்று எனக்கு விளங்கவில்லை.

"சொன்ன நாளில் கொத்தனார் வருவதில்லையே?" உண்மைதான், சிலர் வருவதில்லை. சொன்ன தேதியில் சம்பளம் தராத முதலாளிகளை நாம் கொள்ளையர் என்று அழைக்கிறோமா? அப்பாவுக்கு இன்னமும் இரண்டு வீட்டுக் கூலி வரவேண்டியிருக்கிறது. ஒருவர் தினமும் எங்கள் தெரு வழியாகத்தான் காரில் போகிறார். தம்பி, இதெல்லாம் உன் காணொளியில் வராது.

அக்காள் மகன் அந்தக் காணொளியை அப்பாவிடமே காட்டிவிட்டான். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணைச் சுருக்கி முழுவதும் பார்த்துவிட்டு, "கடலோர மண்ணு, கீழேருந்து ஈரம் ஏறும். ஐப்பசி மழையில ஓரம் தூக்கிக்கும். ஒட்டுறதுக்கு முன்னாடி யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

எனக்குப் பொறாமை என்று எழுத வருகிறவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள். நான் பதில் சொல்ல மாட்டேன். சொல்லாமல் இருக்கவும் முடியாது, என் குணம் அப்படி.