நர்ஸுக்குப் பஞ்சம் இல்லை, நர்ஸ் வேலைக்குத்தான் பஞ்சம்

அப்பாவுக்கு மூச்சுத் திணறல் என்று ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தோம். ஊர் பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அவர்கள்தான் அப்பாவைப் பிழைக்க வைத்தார்கள்.

இரண்டாம் நாள் ராத்திரி தூக்கம் வராமல் வார்டை எண்ணினேன். கட்டில் 42. பாய் விரித்துத் தரையில் படுத்திருந்தவர்கள் 11 பேர். ஆக 53 நோயாளிகள், அத்தனை பேருக்கும் ராத்திரி முழுக்க ஒரே ஒரு சிஸ்டர். பத்து மணி ஊசியை அவர் முதல் கட்டிலில் ஆரம்பித்துக் கடைசிக் கட்டிலுக்கு வரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. நடுவில் ஒருவர் ரத்த வாந்தி எடுக்க, தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு டிரிப்ஸ் முடிந்து குழாயில் ரத்தம் ஏற ஆரம்பித்தது. நான் கூப்பிட்டேன். "தம்பி, அந்த உருளையைக் கீழே தள்ளி மூடுங்க, இதோ வந்துடறேன்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். வர இருபது நிமிடம் ஆனது. மூன்றாம் நாளுக்குள் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் நான்தான் உருளையை மூடிவிட்டுக்கொண்டிருந்தேன். எந்தப் பயிற்சியும் இல்லாத ஒருவன் செய்கிற வேலையா அது?

இந்திய நர்சிங் கவுன்சில் சொல்கிற கணக்கு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு 1 நர்ஸ். 3 எங்கே, 53 எங்கே.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில், "ஆள் கிடைக்கவில்லை, எல்லாரும் வெளிநாடு போய்விடுகிறார்கள்" என்பது. எனக்கு இந்தப் பதிலைக் கேட்டால் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் ஆள் எங்கே இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். என் சித்தி மகளே ஒருத்தி.

2015ல் தமிழ்நாடு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்ஆர்பி, தேர்வு வைத்து 7,243 நர்ஸ்களை எடுத்தது. முறைப்படி எழுத்துத் தேர்வு, மதிப்பெண், இட ஒதுக்கீடு எல்லாம் பார்த்து எடுத்தார்கள். சம்பளம் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், அதாவது படி எதுவும் இல்லாத ஒரே மொத்தத் தொகை. இரண்டு வருடம் முடிந்தால் நிரந்தர ஊழியருக்குரிய காலமுறை ஊதியம், நிரந்தரம் என்று சொன்னார்கள். அதை நம்பித்தான் என் சித்தி மகள் தனியார் வேலையை விட்டுவிட்டுப் போனாள். இரண்டு வருடம் முடிந்த பிறகு, 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கிற டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்களே, அந்தக் கூட்டத்தில் இவளும் இருந்தாள். அப்புறம் சம்பளம் 14,000 ஆனது, 18,000 ஆனது. கொஞ்சம் கொஞ்சமாகச் சிலர் நிரந்தரம் ஆனார்கள். இவளுக்குப் பல வருடம் முறை வரவே இல்லை. குழந்தை பிறந்தபோது, அதே வார்டில் அதே ஊசியைப் போடுகிற நிரந்தர நர்ஸுக்குச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. இவள் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருந்துவிட்டு, மூன்றாவது மாதமே குழந்தையைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு நைட் டூட்டிக்குப் போனாள். பால் கட்டிக்கொண்டு வலி தாங்காமல் பாத்ரூமில் நின்று அழுததை ரொம்ப நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள்.

ஏன் நிரந்தரம் ஆக்கவில்லை என்று கேட்டால் சொல்கிற காரணம், "காலிப் பணியிடம் இல்லை. காலியாக ஆக எடுப்போம்."

நான் ரொம்ப நாள் யோசித்தது இந்த ஒரு வரியைத்தான். 53 பேருக்கு ஒரு சிஸ்டர் இருக்கிற வார்டிலும் காகிதத்தில் காலியிடம் இல்லை. எப்படி? காலியிடம் என்பது நோயாளிகளை எண்ணிச் சொல்கிற கணக்கு இல்லை. அரசாணையில் இந்த மருத்துவமனைக்கு இத்தனை நர்ஸ் என்று ஒரு எண் அனுமதித்திருப்பார்கள், அதில் எத்தனை நாற்காலி நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பது மட்டும்தான். கட்டடம் கூடும், கட்டில் கூடும், ஸ்கேன் வரும், புதுப்புது பிரிவு வரும், அந்த எண் மட்டும் அதே வேகத்தில் கூடாது. அப்புறம் அமைச்சர் யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், காலியிடங்கள் பெரும்பாலும் நிரப்பப்பட்டுவிட்டன என்று பேட்டி கொடுக்கலாம், அதில் பொய்யும் இருக்காது. அதனால் காலியிடம் எவ்வளவு என்று கேட்பதை நாம் நிறுத்த வேண்டும். அனுமதிக்கப்பட்ட எண் எவ்வளவு, அதை எந்த வருடம் நிர்ணயித்தீர்கள் என்று கேட்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, வெளியே இருப்பவர்களுக்கு இது புரிவதில்லை. ஒரு வார்டில் எந்த நேரமும் 2 நர்ஸ் இருக்க வேண்டும் என்றால் 2 பேரை நியமித்தால் போதாது. மூன்று ஷிஃப்ட், வார ஓய்வு, நைட் முடிந்தால் கொடுக்க வேண்டிய ஓய்வு, உடம்பு சரியில்லை என்றால் விடுப்பு, மகப்பேறு விடுப்பு, எல்லாம் சேர்த்தால் 8, 9 பேர் வேண்டும். அதிலும் அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பை 2021 ஜூலையிலிருந்து 12 மாதம் ஆக்கினார்கள், மிக நல்ல காரியம். ஆனால் அந்த ஒரு வருடம் அவர் இடத்தில் யார் நிற்பது? மாற்று ஆள் போடாவிட்டால் அந்தச் சுமை பக்கத்தில் இருக்கிற இன்னொரு பெண்ணின் தோளில்தான் இறங்குகிறது.

டாக்டர் விஷயத்துக்கு வருவோம். 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். விருதுநகர், நாமக்கல், நீலகிரி, அரியலூர், ராமநாதபுரம் என்று பல மாவட்டங்களில், மொத்தம் 1,450 எம்பிபிஎஸ் இடங்கள். இன்று தனியாரையும் சேர்த்தால் மாநிலத்தில் 11,000க்கும் மேல் எம்பிபிஎஸ் இடங்கள். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் 10 லட்சம் மக்களுக்கு 100 எம்பிபிஎஸ் இடம்தான் என்று விதி கொண்டுவந்தபோது, நம்மிடம் ஏற்கெனவே அதற்கு மேல் இருந்ததால் நாமெல்லாம் கொதித்தோம், கொதித்தது சரிதான், நம் காசில் நாம் கட்டிய கல்லூரி. எதிர்ப்பு வந்ததும் அதை ஒத்திவைத்தார்கள். ஆனால் படித்து வெளியே வருகிற பிள்ளைகளுக்கு இங்கே அரசு வேலை எத்தனை? 2025ல் உதவி மருத்துவர் பணிக்கு 2,642 பேரை எடுத்தார்கள், அந்தத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். மீதிப் பேரில் நிறையப் பேர் தனியார் மருத்துவமனையில் டூட்டி டாக்டராகக் குறைந்த சம்பளத்துக்கு நைட் பார்க்கிறார்கள்.

கிராம சுகாதார செவிலியர்களைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுத வேண்டும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று, அதற்கு ஒரு அம்மா. கர்ப்பிணி பதிவு, புதன்கிழமை தடுப்பூசி, வீடு வீடாகப் போவது எல்லாம் அவர்தான். இப்போது அதற்கு மேல் அத்தனையையும் கணினியில் ஏற்றுகிற வேலை வேறு. இங்கே பிரசவங்கள் ஏறக்குறைய முழுக்கவே மருத்துவமனையில் நடக்கிறது என்று நாம் பெருமைப்படுகிறோமே, அந்தப் பெருமை இவர்கள் நடந்து நடந்து சேர்த்தது. எங்கள் ஊர் சிஸ்டர் ஓய்வு பெற்ற பிறகு பக்கத்து ஊர்க்காரர்தான் ஒன்றரை வருடம் கூடுதல் பொறுப்பாக இரண்டு ஊரையும் பார்த்தார்.

காசு இல்லை என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். தேசிய நலவாழ்வுக் குழுமத் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பணம் வருகிறது, அந்தப் பணத்தில் ஒப்பந்தத்தில்தான் ஆள் போட முடியும். நிரந்தரம் என்றால் முழுச் சம்பளமும் மாநிலத்தின் தலையில். அதனால்தான் வருடக்கணக்காக ஒப்பந்தத்திலேயே ஓட்டுகிறார்கள். கொரோனா காலத்தில் அவசரமாக எடுத்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31 அன்று போகச் சொன்னார்கள். பிபிஇ என்கிற பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து நனைந்து நமக்காக நின்றவர்கள் புத்தாண்டு அன்று வீட்டில் உட்கார்ந்தார்கள். கட்டடத்துக்குக் கோடிகளில் கடன் வாங்க முடிகிற ஒரு மாநிலம், அதற்குள் நிற்கிற ஆளுக்கும் பணம் ஒதுக்க முடியும் என்றுதான் நான் நம்புகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு அரசு மருத்துவமனை வார்டின் வாசலிலும் ஒரு பலகை வையுங்கள். இன்று எத்தனை நோயாளிகள், இந்த ஷிஃப்டில் எத்தனை நர்ஸ், அவ்வளவுதான். நாங்கள் எண்ணிப் பார்த்துக்கொள்கிறோம்.

வீட்டுக்குக் கிளம்பின அன்று காலையில் அந்த சிஸ்டரிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். நைட் முடிந்து, அடுத்த ஷிஃப்ட் சிஸ்டரிடம் ஒவ்வொரு கட்டிலாக ஒப்படைத்துக்கொண்டிருந்தார். அப்பா கட்டில் வந்ததும் கேஸ் ஷீட்டைப் பார்க்காமலே, "இவருக்கு ராத்திரி இருமல் இல்லை, நல்லா தூங்கினார்" என்றார். 53 பேரில் ஒருவர் எப்படித் தூங்கினார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.