முதுகு வலிக்கு மனநல மருத்துவரைப் பார்த்த கதை

எனக்கு மனச்சோர்வு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. முதுகு வலி என்றுதான் சொன்னேன். வடசென்னை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் 16 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவனுக்கு முதுகு வலிப்பதில் யாருக்கும் வியப்பில்லை. தெருமுனைக் கிளினிக்கில் ஊசி போட்டார்கள், சத்து மாத்திரை கொடுத்தார்கள், தூக்கம் வரவில்லை என்றதும் தூக்க மாத்திரையையும் சேர்த்துக்கொண்டார்கள். நான்கு மாதத்தில் ஏழு முறை போயிருப்பேன். மனசு எப்படி இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், "நல்லாத்தான் இருக்கு சார்" என்றுதான் சொல்லியிருப்பேன், ஏனென்றால் அது பொய் என்பது எனக்கே அப்போது தெரியாது.

அந்த நாட்களில் நான் அழவில்லை. ஒரு காலையில் பிரஷில் பேஸ்ட்டை வைத்துக்கொண்டு பின்கட்டில் நின்றேன். தண்ணீர் பிடிக்க வந்த மனைவி, "இன்னும் பல்லு வெளக்கலையா?" என்று கேட்டபோது பேஸ்ட் காய்ந்து பிரஷோடு ஒட்டியிருந்தது. ஒரு பக்கக் கூட்டலை நான்கு முறை போட்டு நான்கு விடை கண்டேன். ஞாயிறு விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கி வருவதுதான் வாரத்தில் எனக்கிருந்த ஒரே கொண்டாட்டம். அதை மச்சானிடம் விட்டுவிட்டேன், விட்டதற்காக வருத்தமும் வரவில்லை. பிடித்தது பிடிக்காமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது, எதற்கெடுத்தாலும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது, காரணமில்லாத களைப்பு ஆகியவை சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் நீடித்தால் மருத்துவர்கள் அதை நோயாகப் பார்க்கிறார்கள். நமது வீடுகளில் இது பெரும்பாலும் தலைவலியாக, நெஞ்சுப் படபடப்பாக, உடம்பு அசதியாகத்தான் வாய் திறக்கிறது.

மனசைப் பற்றிப் பேசினால் நம் பகுதியில் ஒரே ஒரு ஊர்ப் பெயர்தான் பதிலாக வரும். 1794-இல் தொடங்கி, 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறிய மனநல மருத்துவமனை அது. எத்தனையோ குடும்பங்களுக்குப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த இடத்தின் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோம். "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று விளையாட்டாகச் சொல்பவர்கள், தங்கள் வீட்டிலேயே ஒருவர் அதைக் கேட்டு வாயை மூடிக்கொள்கிறார் என்பதை அறிவதில்லை.

காத்து கருப்பு அண்டியிருக்கும் என்று அத்தை என்னை மசூதி வாசலுக்கு அழைத்துப் போனார்கள். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். தொழுகை முடிந்து வெளியே வந்து என் நெற்றியில் ஊதிய பெரியவர், "யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசினியா தம்பி?" என்று கேட்டார். ஏழு முறை கிளினிக்குக்குப் போயும் கிடைக்காத கேள்வி அது. எனக்குக் கோபமெல்லாம் "மன தைரியம் வேணும்பா" என்று தோளில் தட்டிப் போனவர்கள் மீதுதான். டெங்குக் காய்ச்சலில் படுத்திருப்பவனிடம் யாரும் தைரியம் கேட்பதில்லை.

முடிவில் வழி காட்டியவள் நர்சிங் படிக்கும் மச்சான் மகள். "மாமா, இது முதுகு இல்ல, வாங்க" என்று ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம். மனநலப் பிரிவு மருத்துவர் எடுத்த எடுப்பில் மாத்திரை எழுதவில்லை. தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைபாடு எல்லாம் இதே போல ஆளைச் சாய்க்கும் என்று ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். குடிப்பழக்கம் உண்டா, இதற்கு நேர்மாறாகத் தூங்காமலே அளவு மீறிய உற்சாகத்தில் திரிந்த காலம் உண்டா என்றும் விசாரித்தார். இருந்திருந்தால் மருந்தே வேறாம். பிறகு, "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டார். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடும் என்று நாம் பயப்படுகிறோம். எனக்கு அந்தக் கேள்வி நெஞ்சிலிருந்த கல்லை இறக்கி வைத்தது.

எஸ்சிடாலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை கொடுத்தார்கள். முதல் வாரம் குமட்டலைத் தவிர வேறு மாற்றமில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாகும் என்று முன்பே சொல்லியிருக்காவிட்டால் அப்போதே நிறுத்தியிருப்பேன். ஆனாலும் இரண்டாவது மாதம், நன்றாகிவிட்டது என்று நானாகவே நிறுத்தினேன்; மூன்றே வாரத்தில் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தேன். வடசென்னைக்காரன் செய்யக் கூடாத தவறு இது. டிபி மாத்திரையைப் பாதியில் விட்டால் என்னவாகும் என்று நம் தெருக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்றே டிபி வார்டில்தான் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது: 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஐப்ரோனியாசிட் என்ற மருந்து கொடுக்கப்பட்ட காசநோயாளிகளின் மனநிலை எதிர்பாராமல் தெளிந்தது. நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நிறுத்தும்போது மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இதற்குப் பிறகு மனைவி மாத்திரை அட்டையில் ஒவ்வொரு குழிக்குப் பின்னாலும் பால்பாயின்ட் பேனாவால் தேதி எழுதி வைத்தாள்.

மூளையில் ஏதோ ஒரு ரசாயனம் குறைந்ததுதான் காரணம் என்று சொல்வதை நானும் நம்பினேன். இன்று ஆய்வாளர்கள் விஷயம் அத்தனை எளிதல்ல என்கிறார்கள். மாத்திரையால் பலன் பெறுபவர்கள் பலர், ஆனால் அது மட்டுமே சிகிச்சை அல்ல. ஆலோசகர் எனக்கு இட்ட வேலை சின்னது: பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போக வேண்டும். முதல் வாரம் பையை நீட்டி, கேட்ட விலையைக் கொடுத்து வந்தேன். மூன்றாவது வாரம் ஒரு கூறு சங்கராவுக்கு மீன்கார அம்மாவோடு நின்று பேரம் பேசினேன். அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

விட்டுப்போன வேலைகளை மறுபடி செய்ய வைக்கும் இந்த முறையை மனநலப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்களைக் கொண்டே கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி பொதுவான மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வருவதில்லை. அவர்கள் வேறு பெயரில் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், முதுகு வலி என்றும் அசதி என்றும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வார்டு அளவில் சோதிக்கிறோம். அதே மேசையில் தூக்கத்தையும் மனசையும் பற்றி இரண்டு கேள்வி சேர்க்க எவ்வளவு செலவாகிவிடும்? மருத்துவமனைக்குப் போகத் தயங்குபவர்களுக்கு 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருப்பவர் தனியாக இருக்க வேண்டாம், அன்றைக்கே ஆளைக் கூட்டிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

போன மாதம் கடையடைக்கும் நேரத்தில் பக்கத்துக் கடை அண்ணன் ஒருவர் ஷட்டருக்கு அருகில் வந்து, "உன் முதுகு வலிக்கு எந்த டாக்டரப் பாத்த?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு முதுகில் ஒன்றுமில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மறுநாள் காலை ஓ.பி. சீட்டு வரிசையில் அவருக்குப் பின்னால் நான் நின்றேன்.