திருப்புளி பிடிக்காத கைகள்

மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகன், தன் அறையின் மின்விசிறி கெட்டுவிட்டது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று சென்ற வாரம் சொன்னான். கையால் சற்றுத் தள்ளிவிட்டால்தான் சுற்றத் தொடங்குகிறது, அப்போதும் வேகமில்லை என்றான். அந்த அறிகுறி போதும்; பெரும்பாலும் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) நன்றாகத்தான் இருக்கும், விசிறி சுற்றத் தொடங்க உதவும் கண்டென்சர்தான் வலுவிழந்திருக்கும். மெயினை அணைத்துவிட்டு, மூடியை இறக்கி, 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்த சிறு கறுப்புப் பெட்டிதான் அந்தக் கண்டென்சர் என்று அவனுக்குக் காட்டினேன். துணைச் சுருளின் மின்னோட்டத்தை முதன்மைச் சுருளினுடையதைவிட அது முந்தச் செய்வதால்தான் சுழலும் காந்தப்புலம் உண்டாகிறது என்று அவன் தடங்கலின்றி விளக்கினான். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறான். ஆனால் தான் எழுதியதும் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்ததும் ஒன்றே என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. புதிய கண்டென்சரை அவனே பொருத்தினான். விசிறி பழைய வேகத்துக்கு வந்துவிட்டது.

இதை வைத்து இளைஞர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறு வயதில் அவன் பொம்மைக் காரைப் பிரித்தபோது திட்டியவர்கள் நாங்கள்தான். பிளக்கைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று விரட்டினோமே தவிர, எதை அணைத்துவிட்டு எதைத் தொடலாம் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. பயத்தை மட்டும் கற்பித்துவிட்டு, இருபது வயதில் துணிச்சல் எங்கே என்று கேட்பது நியாயமில்லை.

காணொளிகள் இருக்கின்றனவே என்பார்கள். அவை உண்மையிலேயே பெரிய உதவி. நானும் பார்த்துத்தான் பலவற்றைச் சரிசெய்கிறேன். ஆனால் ஒரு திருகாணியை எவ்வளவு முறுக்கினால் போதும் என்பதைத் திரை சொல்லித் தராது. சொட்டும் குழாயைத் திறந்து வாஷரை மாற்றி மீண்டும் பூட்டும்போது, இறுக்கம் குறைந்தால் கசியும், கூடினால் புது வாஷர் நசுங்கும், பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் மரையே போய்விடும். அந்த இடைப்பட்ட இடத்தை மணிக்கட்டுதான் அறியும். அதுவும் இரண்டு மூன்று முறை கெடுத்த பிறகே அறியும். கெடுத்துப் பார்க்க ஒரு பொருளும் கையில் கிடைக்காத தலைமுறைக்கு அந்த அறிவு எப்படி வரும்?

பொருள்களும் மாறிவிட்டன. முன்பு செல்பேசியின் முதுகை நகத்தால் நெம்பி பேட்டரியைக் கழற்றினோம். இன்று பெரும்பாலானவற்றில் அது பசையிட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. சிலவற்றின் திருகாணிகளோ சாதாரணத் திருப்புளிக்கு அசையாத ஐந்திதழ் வடிவத்தில் இருக்கின்றன. திறக்கவே விடாத பொருளோடு வளர்ந்தவர்கள், பழுது என்றாலே மாற்றுவது என்று எண்ணுவதில் வியப்பில்லை. செல்பேசி, மடிக்கணினி, சலவை இயந்திரம் போன்றவற்றை எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கலாம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் காட்ட வேண்டும் என்று பிரான்ஸ் 2021இல் கட்டாயமாக்கியது. பொருளை வாங்கும் இடத்திலேயே அந்தக் கேள்வி எழுகிறது என்பதால், இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். 2022இல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் கால்பங்கு கூட முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் இல்லை.

என்னை அதிகம் கவர்ந்தது, 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய 'ரிப்பேர் கஃபே' முறை. அங்கே பொருளைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவதில்லை. உரியவரும் பழுதுபார்ப்பவரின் பக்கத்தில் அமர்ந்து, முடிந்தவரை தானும் கைவைக்கிறார். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தப் பக்கத்து நாற்காலிதான் தேவை. அடுத்த வாரம் அவன் மறுபடி வருகிறான். ஓடாத பழைய மேசை விசிறி ஒன்றைப் பிளக்கை வெட்டி எடுத்துவிட்டு, பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். அதை முழுதாகப் பிரிக்கப்போகிறவன் அவன்தான்.